சோப்புத்தூளில் இறங்கிய பிஸ்கட் கம்பெனி

நான் துணி துவைப்பதைப் பார்ப்பதற்காகவே ஒருவர் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறித் தாராவிக்கு வந்தார். என்னிடம் அப்படியொரு திறமை இருப்பது என் கணவருக்கே அதுவரை தெரியாது.

வந்தவர் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெரிய அதிகாரி. உலகம் முழுக்க பிஸ்கட் கொடுத்து முடித்துவிட்டார்களாம். அடுத்து சோப்புத்தூள். மொழிபெயர்க்க அவருடன் மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழ்ப்பெண் வந்திருந்தாள்.

"எப்பவும் போல இருங்கோக்கா, ஆக்ட் பண்ண வேண்டாம்," என்றாள்.

எப்பவும் போல இருப்பதற்காக நல்ல சேலை உடுத்தியிருந்தேன். அழுக்குத் துணியை அந்நிய மனிதரிடம் காட்டக் கூச்சமாக இருந்ததால், முந்தின நாள் துவைத்து மடித்து வைத்ததையே எடுத்து மறுபடி துவைத்தேன். அவர் அதைப் பக்தியோடு படம் எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டாள்: "பிஸ்கட்டுக்காரனுக்கு அழுக்குத் துணியில என்னட்டி சோலி?"

அதிகாரி ஏதோ கேட்டார். "துவைக்கறப்போ மனசுல என்ன கனவு வரும்னு கேக்கறார்," என்றாள் மாட்டுங்காப் பெண்.

"குழாயில தண்ணி நின்னுரக் கூடாதேன்னு இருக்கும்."

அவள் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினாள். அதிகாரியின் கண் கலங்கியது. என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"தண்ணியோட உங்களுக்கு ஆழமான உறவு இருக்குன்னேன்."

பிறகு அவர் என் வாளியைப் பார்த்து, நுரை போதாது என்று எழுதிக்கொண்டு போனார்.

சில மாதங்களில் பாக்கெட் கடைக்கு வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் ஒரே பெயர், ஒரே படம் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே சோப்புத்தூளுக்கும் அதே பிஸ்கட் பெயர், அதே கோதுமைக் கதிர். டீயில் தொட்டுத் தின்னலாமா என்று கடையில் ஒருவர் கேட்டார். எனக்கோ பெருமை. என் வாளியைப் பார்த்துச் செய்ததல்லவா? ஒன்று வாங்கினேன்.

நுரை அபாரம். மூன்று வாளித் தண்ணீரில் அலசியும் போகவில்லை. நாலாவது வாளிக்குக் குழாய் நின்றுவிட்டது. அப்படியே பிழிந்து காயப்போட்டேன்.

மறுநாள் அதில் துவைத்த சட்டையோடு வேலைக்குப் போன கணவர் மழையில் மாட்டிக்கொண்டார். இரண்டு தோளிலும் வெள்ளை நுரை பொங்க வந்து நின்றார்.

"ஏட்டி, ரோட்டுல போறவன் பூரா என்னையவே பாக்கான். சட்டையில என்னத்தப் போட்டுத் தொலைச்ச?"

"உலகத் தரம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் கோபம் வந்துவிட்டது. அந்த மாட்டுங்காப் பெண்ணை ஃபோனில் பிடித்தேன்.

"ஐயோ அக்கா, சோப்புத்தூளை நிறுத்தியாச்சு. இப்போ கம்பெனிக்காரா நாய் பிஸ்கட்ல இறங்கறா. உங்காத்துல நாய் இருக்கோ?"

இல்லை என்றேன்.

"தெரு நாய்?"

திட்டுவதற்கென்று எடுத்த ஃபோனில், எங்கள் சந்தில் மொத்தம் எத்தனை நாய் என்று நிதானமாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.