அண்ணன் வண்டி நின்ற கரைகள்

என் அண்ணன் சத்யராஜ் காஞ்சிபுரத்தில் உமாபதி என்பவரின் பட்டுக்கடைக்கு வேன் ஓட்டினான். அவர் நாக்பூரிலும் போபாலிலும் கண்காட்சி போடுவார். புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அண்ணன் தனியாக வடக்கே போவான்.

சீட்டுக்கு அடியில், காலியான சரிகைக் கண்டு ஒன்றில் தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருந்தான். கர்னூலில் துங்கபத்திரை, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, நடுவில் பெயர் தெரியாத ஏரிகள். பகலில் அவனுக்குத் தூக்கம் வராது. மற்ற டிரைவர்கள் டாபா கட்டிலில் கண்ணயரும் நேரத்தில், இவன் கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அத்த பாத்துக்கினு இருந்தா கண்ணு எரிச்சல் போய்டுது நதியா" என்பான்.

கெண்டையோ கெளுத்தியோ மாட்டினால் டாபா சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவுவான். பட்டு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மீனைக்கூட அவன் வண்டியில் ஏற்றியதில்லை.

போன வருடம் முதலாளி மகன் கதிர்வேலும் அண்ணனோடு வண்டியில் போனான். கோதாவரிக் கரையில் அண்ணன் ஒரு விரால் பிடித்தபோது கதிர்வேல் போனை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா. வேன்ல கட பேரு தெரியணும்."

"மீன எடுக்கிறியா, கட போர்ட எடுக்கிறியாபா?"

அன்றைக்கே அந்த வீடியோவைக் கடையின் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். நாக்பூரில் முகூர்த்தப் புடவை சொல்லியிருந்த குடும்பம் பார்த்தது. மீன் தொட்ட கை இறக்கிய புடவை மணவறைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

உமாபதி மகனை ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டார்.

"வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டியாச்சு. இனிமே டீசல் போட மட்டும்தான் நிக்கணும். ஆத்தங்கரையில நின்னுதுன்னா, அங்கியே எறங்கி நடந்து வந்துடு."

"அப்ப கண்ண எங்க ஆத்திக்கிறது மொதலாளி?"

"நாக்பூர் போயி ஆத்திக்கபா."

அடுத்த பயணத்தில் அண்ணன் ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தான். உமாபதிக்கு மகிழ்ச்சி. "பாத்தியா, மீனு தின்ன நேரம் மொத்தம் மிச்சம்" என்றார். அதன் பிறகு அதுவே கணக்காகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பான்.

"கண்ணுல மண்ணு வாரிப் போட்டா மாதிரி இருக்குது."

"ரெண்டு நாள் லீவு போடேண்ணா."

"போட்டா சாவிய வாங்கிக்க ஆளு நிக்கிறான்மா."

மார்ச் மாதம், கர்னூல் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல வெயிலில், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் போய் மோதியது. பிரேக் போட்ட தடமே ரோட்டில் இல்லை என்றார் போலீஸ்காரர். புடவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே வேறு வண்டி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனது. அண்ணன் அதற்கும் மறுநாள்தான் திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

உமாபதி பெரிய மாலையோடு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்ட வேண்டியதுதானமா. எங்கனா தண்ணி பக்கமா அரை மணி நேரம் உக்காந்துட்டு வந்தா, நான் என்னா கேக்கவா போறேன்?"

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. குடித்தார். வேன் சாவி போலீசிடம் இருக்கிறதா, எங்களிடம் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு எழுந்தார்.