ஏற்றத்தில் இழுக்காத வான்

கணவர் கட்டாருக்குப் போய் ஏழு மாதம் கழித்து நான் வான் ஓட்டத் தொடங்கினேன். போகும்போது ஒரு ட்ரைவரை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் போனார். நாட்டில் சண்டை திரும்பவும் மூண்டதும் அந்த ட்ரைவர் குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்விட்டார். லைசன்ஸ் என்னிடமும் இருந்தது. அன்புவழிபுரத்திலிருந்து தம்பலகாமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் எங்கள் வானில் போகும் ஆறு ரீச்சர்மாரும், “நீங்களே ஓடுங்கோவன்” என்றார்கள். ஓடினேன்.

அது ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த டீசல் வான். எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில் இருந்தது. டேர்போ பூட்டிய எஞ்சின் என்று கணவர் பெருமையாகச் சொல்வார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் சீற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒரு விசில் கேட்கும். அதன் பிறகு வான் பாய்ந்து போகும்.

ஒரு திங்கட்கிழமை காலை, சீனன்குடாச் சந்திக்கு முன்னால் வரும் ஏற்றத்தில் அந்தப் பாய்ச்சல் வரவில்லை. முழுதாக மிதித்தும் வான் முனகியது. இரண்டாம் கியருக்கு மாற்றினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வீதியே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. அந்தக் காலத்தில் ஆமியின் சோதனைச் சாவடியான சென்றியை நோக்கி ஒரு வாகனம் புகை கக்கிக்கொண்டு நத்தை மாதிரிப் போனால் என்ன நினைப்பார்கள் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சென்றியின் முன்னால் நின்ற ஆமிக்காரன் துவக்கை உயர்த்தினான். நான் வானை நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டேன். எல்லோரையும் இறக்கி, பைகளையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் திறந்து பார்த்து விடுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஆறு ரீச்சர்மாரும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய், வரவு இடாப்பில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

பின்னேரம் வானை நகரத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் கிண்ணியாவிலிருந்து தினமும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து வருகிறவர். அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும் என்று சொல்லி, டீசல் ஃபில்டரை மாற்றித் தந்தார். அடுத்த நாளும் அதே ஏற்றத்தில் அதே புகை. திரும்பவும் போனேன். அவர் வானை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்தார்.

“வாகனத்தில ஒண்டும் இல்ல தங்கச்சி. நீங்க கியர முந்தியே மாத்துறீங்க போல. பொம்புளயளுக்கு அது கொஞ்சம் கஷ்டந்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. பஸ் நிலையத்தைச் சுற்றி ஏற்றமே இல்லையே என்று சொன்னேன். அவர் சிரித்தார். மூன்றாம் நாளும் நான் போய் நின்றபோது சிரிக்கவில்லை.

“அப்ப டேர்போ போயிட்டு. கொழும்பிலருந்துதான் எடுக்கோணும்.”

“கழட்டிப் பாத்தனீங்களோ நானா?”

பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்பானரை எடுத்து, காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே சிப்பி மாதிரி வளைந்த இதழ்களோடு சின்னச் சக்கரம் மாதிரி ஒரு சில்லு இருந்தது. விரலால் தட்டினார், இலேசாகச் சுற்றியது. பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை.

“இது புதிசு மாதிரி இரிக்கி” என்றார் மெதுவாக. பிறகு எனக்கு விளக்கினார். வெளியே போகும் புகை ஒரு சில்லைச் சுற்றும். அது இந்தச் சில்லைச் சுற்றும். இது காற்றை அமத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுப் போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாது; அதுதான் கறுப்புப் புகை. “சில்லு நல்லம். அப்ப காத்து எங்கயோ வழியில போகுது. நாளைக்கு ஏத்தத்தில என்ன சத்தம் வருகுதெண்டு கேட்டு வாங்க.”

அடுத்த நாள் ஏற்றம் வந்ததும் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொன்னேன். விசில் இல்லை. முன் சீற்றில் எப்போதும் இருக்கும் வயதான சங்கீத ரீச்சர்தான் சொன்னார்.

“பிள்ளை, என்ர காலடியில உஸ்ஸெண்டு காத்து வருது. நீ மிதிக்கேக்கை மட்டுந்தான் வருது. காலை விட்டா நிண்டிடுது.”

“எப்ப தொடக்கம் ரீச்சர்?”

“திங்கக்கிழமை தொடக்கம். ஏதோ ஃபேன் எண்டு நினைச்சன்.”

பின்னேரம் நானாவிடம் இதைச் சொன்னதும் நேராக முன் சீற்றைத் தூக்கினார். சீற்றின் அடிப்பக்கத்தில் விசிறி விரித்த மாதிரி, காற்று அடித்து ஒட்டிய கறுத்த அழுக்குப் படலம். அதற்கு நேர் கீழே டேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த இறப்பர்க் குழாய். அதைத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, என் விரலையும் அங்கே வைத்தார். ஒரு சின்ன ஓட்டை. சும்மா ஸ்டார்ட்டில் நிற்கும்போது அதன் உதடு மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் காற்றின் அமுக்கம் கூடினால் திறந்துகொள்ளும்.

“இது வெடிச்சதில்ல. யாரோ குத்தியிரிக்காங்க.”

யார் என்று எனக்கு உடனே விளங்கியது. சென்றியில் தினமும் முன் சீற்றைத் தூக்கி, மெல்லிய இரும்புக் கம்பியால் எஞ்சினைச் சுற்றிக் குத்திப் பார்ப்பார்கள். ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்கத்தான்; போன வெள்ளிக்கிழமைச் சோதனையில் கம்பி பட்டிருக்கும். நான் அதைச் சொன்னதும் நானா பழைய ட்ரக்டர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உங்கட ஓட்டத்தக் குற சொன்ன நான். மனசில வெக்காதீங்க.”

வெள்ளிக்கிழமை வான் விசிலடித்துக்கொண்டு ஏறியது. சென்றியில் ஒரு இளம் ஆமிக்காரன் கம்பியோடு வந்தான். இருபது வயது இருக்கும். நான் இறங்கிப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் குழாயைக் காட்டி, கம்பி பட்டதால் வான் இழுக்கவில்லை, அன்றைக்குப் புகை வந்ததும் அதனால்தான் என்று சொன்னேன். அவன் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கம்பியை என் கையில் தந்தான்.

“அப்படியென்றால் நீங்களே குத்திக் காட்டுங்கள்.”

அவன் ரோச் வெளிச்சம் அடிக்க, நான் குழாயில் படாமல் மூலை மூலையாகக் குத்திக் காட்டினேன். அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு காலை, அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். ஊரில் அப்பாவின் ட்ரக்டரும் கறுப்புப் புகை தள்ளுகிறதாம், உழவில் இழுக்கிறதில்லையாம், அதுவும் குழாய்தானா? அந்த ட்ரக்டரில் டேர்போ கிடையாது. எனக்கு வேறென்ன தெரியும்? “முதலில் காற்றுப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்” என்றேன்.

லீவில் போய் வந்தவன், வானை நிறுத்தியதும் என் பக்கக் கண்ணாடிக்கு ஓடிவந்தான். “காற்று ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது!” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் இருந்த ரீச்சர்மார் என்னவென்று கேட்க, நான் தமிழில் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு எங்களுடைய பைகளை யாரும் திறக்கவில்லை.

அடுத்த மாதம் அவனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று கேட்கிற காலமில்லை அது. அவனுடைய இடத்தில் நின்றவன் கம்பியோடு வந்தபோது, நான் இறங்கிப் போய் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.