கீழே ஓடிய மோட்டார்

அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்டில், நானும் கணவரும் கடைகளுக்கு மரப் பெயர்ப்பலகைகள் செய்துவந்தோம். எழுத்துகளைக் கைவாளால் அறுத்து அறுத்து என் மணிக்கட்டு வீங்கியபோது, கணினி சொல்கிறபடி தானே வெட்டும் சி.என்.சி. இயந்திரம் ஒன்று வேண்டும் என்று முடிவானது. வாங்குவோம் என்றேன் நான். அவருக்குத் தானே கட்டவேண்டும்.

"வாங்கினா, பழுதாப் போகேக்க ஆரையோ கூப்பிடவேணும். நான் கட்டினா நானே திருத்துவன்."

வேலையால் வந்ததும் கீழே இறங்கிவிடுவார். அலுமினியச் சட்டம் எழும்பியது. மோட்டாரைச் சோதிக்கும்போது, இழுத்து முனகுகிற ஒரு சத்தம் சமையலறைத் தரைவழியே ஏறி வரும். நான் படிவாசலில் நின்று, "இஞ்சேருங்கோ" என்று அவரைச் சாப்பிடக் கூப்பிடுவேன். மாசியில் ஒருநாள் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பலகைகளுக்கு ஆட்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவர் கோடையில் வந்து, பாதியில் நின்ற இயந்திரத்தைப் பார்த்தார். வயர் வேலை மட்டும்தான் மிச்சம் என்றும், தானே முடித்துத் தருவதாகவும் புதிது வாங்கத் தேவையில்லை என்றும் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது. கணவர் தொடங்கியது அவர் விருப்பப்படியே முடியட்டும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், நண்பர் கீழே வேலையாக இருந்தார். மேலே நான் கறியை இறக்கிவைத்தபோது தரைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே படிவாசலுக்குப் போனேன்.

"இஞ்சேருங்கோ, சாப்பாடு ஆறுது."

மோட்டார் நின்றது. யாரைக் கூப்பிட்டேன் என்பது அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. இறங்கிப் போனேன். நண்பர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"கழட்டுங்கோ அண்ணை," என்றேன். "நான் வாங்கிறன்."

"முடியப்போகுது தங்கச்சி. இன்னும் கொஞ்சம்தான்."

"அதுதான் பயமாக் கிடக்கு. முடிஞ்சா ஒவ்வொரு நாளும் இந்தச் சத்தம் மேல கேக்கும்."

அவர் திருப்புளியை எடுத்தார். துண்டுதுண்டாகக் கழற்றி, தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாங்கிய இயந்திரம் இலையுதிர் காலத்தில் வந்தது. நன்றாகவே வெட்டுகிறது. அதன் சத்தமும் வேறு. ஆனாலும் அது ஓடுகிற நேரத்தில் நான் மேலே போவதில்லை. வாசல் மணி அடித்தாலும், வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.