சமைக்கத் தெரியாதது அவசரமல்ல

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘மறுபடிவா’. எந்த விண்ணப்பமும் முதல் தடவையே தேறிவிட்டால் அரசாங்கத்துக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி. நிஜமாகவே அவசரம் இருப்பவன் மறுபடி வருவான், வராதவனுக்கு அவசரமில்லை. இந்தத் தொழில் ரகசியத்தைப் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கும் அன்போடு கற்றுக்கொடுத்திருந்தார்.

தொற்று ஊரைப் பூட்டியதும் அரசாங்கம் கணினிக்குள் குடிபோனது. பயண அனுமதி எல்லாம் ஆன்லைன். விண்ணப்பித்தவர் பெயர் திரையில் வராது. எண்ணும் காரணமும் மட்டும் வரும். நேர்மைக்கான ஏற்பாடாம். மறுபடிவா வீட்டிலிருந்தபடியே, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை என்ற சீருடையில், மக்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவியோ தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். மறுபடிவா ரொட்டியும் ஜாமுமாக உயிர் வளர்த்தார். தண்ணீர் ஊற்றாமல் முட்டை அவிக்கப் போய்ப் பாத்திரம் கருகியதிலிருந்து அடுப்புக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மனைவி எப்படியாவது வந்து சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் வீடியோ காலில் கூடியது.

“என் இ-பாஸை ஒரு கடங்காரன் திருப்பி அனுப்பிட்டான்,” என்றார் மனைவி.

“எவன் அவன்? வெளங்குவானா?” மறுபடிவா மனசாரத் திட்டினார்.

“அவன் எழுதியிருக்கறதக் கேளுங்க மாமா,” என்று தங்கை படித்தாள். “‘கணவருக்குச் சமைக்கத் தெரியாதது அவசரமல்ல. கற்றுக்கொள்ளலாம்.’”

மறுபடிவாவின் வாய் ரொட்டியோடு நின்றது. அந்த வரியைத் தட்டிவிட்டு, யாரோ ஒரு சோம்பேறிப் புருஷனை நினைத்துத் தனியாகச் சிரித்தவர் அவர்தான்.

“என்ன சகலை, ம்யூட்ல இருக்கீங்களா?” என்றார் தங்கை புருஷன்.

“இல்லையே... மறுபடி போடும்மா. இந்தத் தடவை கண்டிப்பா கெடைக்கும்.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?” என்றார் மனைவி.

திரையில் எல்லா முகங்களும் பெரிதாகின. மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“ஆபீசர் சொன்னது நியாயந்தான். போனைச் சாச்சு வைங்க. பாத்திரத்துல தண்ணி ஊத்துங்க. இன்னும். முட்டை முழுகணும்.”

குடும்பமே சாட்சியாக முட்டை வெந்தது. உரித்ததில் பாதி ஓட்டோடு போனது.

“இப்பவாவது போடுவியா?” என்றார் மறுபடிவா.

“போட்டுட்டேங்க. ஆனா உங்க செக்‌ஷன் இல்லையாம். பக்கத்து செக்‌ஷனுக்குப் போயிருக்கு.”

பக்கத்து செக்‌ஷனில் இருப்பவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது யார் என்று மறுபடிவாவுக்குத் தெரியும். எழுந்துபோய் இன்னொரு முட்டையைத் தண்ணீரில் போட்டார்.