டெரிக் ஆஷ்வர்த் மீது விழுந்த சீழ்க்கை

என் தாயின் தம்பி டெரிக் ஆஷ்வர்த் இங்கிலாந்தின் வடக்கே பர்ன்லியில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையிலும் திரையிலும் நடித்தார். போலீஸ் சார்ஜெண்டாகவும், பாதிரியாராகவும், முதல் காட்சியிலேயே கம்பளத்தின் மேல் கிடக்கும் பிணமாகவும் அவரைத் திரையில் பார்த்தவர்கள் ஏராளம். பெயர் கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வட இங்கிலாந்தின் நாடகக் குழுக்களில் மட்டும் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை. அங்கே அதைப் பரப்பியது நடிப்பு அல்ல, ஒரு சந்தேகம். அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் நேரில் கண்டதையும், உடனிருந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

1961 இலையுதிர்காலம், ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊர். நாடகத்தின் நாயகன் ரூபர்ட் லாங்ஸ்டாஃப். அழகன், பிக்கிள் என்ற தன் நாயை ஒத்திகைக்கும் அழைத்து வருபவன். அவனுக்கு உடல்நலம் கெட்டால் அவன் இடத்தில் மேடை ஏறவேண்டிய மாற்று நடிகர் டெரிக். ஆறு மாதமாக எல்லா வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு நாள் கூட ஏறாமல் காத்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் யாரும் சீழ்க்கை அடிப்பதில்லை. மேலே காட்சிச் சட்டங்களைக் கயிற்றில் ஏற்றி இறக்குபவர்கள் அந்த நாளில் கப்பலிலும் மீன்பிடி படகிலும் இருந்து வந்தவர்கள். அவர்களுக்குச் சீழ்க்கை என்றால் கயிற்றைத் தளர்த்தச் சொல்லும் உத்தரவு. மறந்து ஊதிவிட்டவன், தோஷம் கழிய, ஒப்பனை அறையை விட்டு வெளியே போகவேண்டும். மூன்று முறை தன்னைத்தானே சுற்றி, கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்கள் அழைத்த பிறகே திரும்ப வரலாம்.

அன்று ஒத்திகையின் நடுவே இரண்டு குட்டையான சீழ்க்கைகள் கேட்டன. மேலே இருந்த ஏமஸ் என்ற கிழவர் கயிற்றைத் தளர்த்தினார். கோட்டைச் சுவர் வரைந்த சட்டம் ரூபர்ட்டின் மேல் இறங்கியது. தொடை எலும்பு முறிந்தது.

"டெரிக் தான்!" என்று முதலில் கத்தியவர் வில்ஃப் கிரிம்ஷா என்ற நகைச்சுவை நடிகர். "நாள் பூரா விசில் அடிச்சிக்கிட்டே திரியுறவன் வேற யாரு?"

அதில் பொய் இல்லை. சிறுவயதில் கறிக்கடைக்காகச் சைக்கிளில் வீடு வீடாகப் போன நாளிலிருந்தே டெரிக் தன்னை அறியாமல் சீழ்க்கை அடிப்பவர். அன்று மாலை அவர் நாயகனாக ஏறினார். படக் கம்பெனியின் ஆள் ஒருவர் அரங்கில் இருந்தார். வசந்தம் வருவதற்குள் டெரிக் திரையில் சார்ஜெண்ட் ஆகிவிட்டார். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

என் தாய் எனிட் கூட விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேநீரில், ஹாம் தட்டை நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"நிஜத்தைச் சொல்லு டெரிக். ஊதினியா, இல்லியா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா என்னடா அர்த்தம்? உன் வாய்தானே?"

"என் வாய்தான். அது பண்றது எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

அவரை அரித்தது அதுதான். ஊர் சந்தேகித்தது ஒரு பக்கம் இருக்கட்டும்; அவரே தன்னைச் சந்தேகித்தார். அன்றிலிருந்து அவர் சீழ்க்கை அடிக்கவில்லை. சவரம் செய்யும்போது உதடுகளை இறுக மூடிக்கொள்வார். அவர் குழுவில் சேர்ந்தால் "மேல பாத்து நடங்கப்பா, ஆஷ்வர்த் வந்திருக்கான்" என்பார்கள். மாற்று நடிகர் வேலையை அதன்பின் எந்தக் குழுவும் அவருக்குத் தரவில்லை. புதிய ஒப்பனை அறைக்குப் போனால், ஊதாமலேயே மூன்று சுற்று சுற்றிவிட்டு வரச் சொல்லுவார்கள். சிரித்துக்கொண்டே சுற்றுவார்.

1994 மார்ச்சில் அவர் லீட்ஸில் ஒரு நாடகத்தில் டாக்டராக நடித்தார். சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்ததும் பார்கின் என்ற இஞ்சிக் கேக் எடுத்துக்கொண்டு நான் அவருடைய அறைக்குப் போனேன். அறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவர் அதே வில்ஃப் கிரிம்ஷா. பல் கொட்டியிருந்தது, நாக்கு அப்படியே இருந்தது.

"வாம்மா ஹிலரி. உங்க மாமா பக்கத்துல உக்காராத, விட்டம் விழும்."

"இவன் பேச்சு மட்டும் விழமாட்டேங்குது" என்றார் டெரிக், முகத்துச் சாயத்தைத் துடைத்தபடி.

அப்போது நடைபாதையில் இரண்டு குட்டையான சீழ்க்கைகள் கேட்டன. நாயின் நகங்கள் தரையில் கீறும் ஓசை தொடர்ந்தது.

டெரிக்கின் கை கன்னத்திலேயே நின்றது. கண்ணாடியில் அவர் முகம் பாதி வெள்ளை, பாதி சிவப்பு.

"எவன்டா அது, அறிவு கெட்டவன்!" என்று வில்ஃப் கதவைத் திறந்தார். கைத்தடியோடு ஒரு கிழவர் நின்றார்; காலடியில் ஒரு டெரியர் நாய். ரூபர்ட் லாங்ஸ்டாஃப் என்று எனக்கு உடனே தெரியவில்லை, வில்ஃபுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

"கண்ணே ரூபர்ட், நீயா இருந்தாலும் சரி, ராணியா இருந்தாலும் சரி. சுத்து. அப்புறம் தட்டு."

கதவை அவர் முகத்திலேயே சாத்தினார். வெளியே தடி மெதுவாகச் சுற்றி வரும் ஓசை மூன்று முறை கேட்டது. பிறகு தட்டும் ஓசை. வில்ஃப் அழைக்க வாயெடுத்தார். டெரிக் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ரூபர்ட்" என்றார், கதவைப் பார்த்து. "ஸ்கார்பரோலயும் நாயைத்தான் கூப்பிட்டியா?"

வெளியே தடி தரையில் ஒரு முறை தட்டியது.

"ஆமா டெரிக். பிக்கிள் மேடைக்கு நடுவுல வந்துட்டான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சுவர் இறங்கும்போதே தெரியும்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நாயைக் கூப்பிட்டுக் காலை ஒடிச்சிக்கிட்ட நாயகன்னு ஊரே சிரிக்கும். எல்லாரும் உன்னைச் சொன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்." சற்றுக் கழித்து, "இன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றும் முழுதாக நம்பவில்லை. அந்தச் சீழ்க்கை காதில் விழாமல் இருந்திருந்தால், அவர் நாடகத்தைப் பாராட்டி, கேக் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். வில்ஃபும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், டெரிக்கைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"டெரிக், நான் அன்னிக்கு..."

"நீ சும்மா இரு வில்ஃப்."

டெரிக் மீதிச் சாயத்தை அவசரமின்றித் துடைத்தார். வெளியே நாய் ஒரு முறை குரைத்தது. பின்பு கண்ணாடிக்கு நேராக உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் முயற்சியில் ஒலி எழுந்தது. மேடைக்குப் பின்னால், வில்ஃப் கிரிம்ஷாவின் காதுக்கு அருகே, ஒரு முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை சீழ்க்கையாக அடித்து முடித்தார்.

"டேய், டேய்! சாயங்காலக் காட்சி இருக்குடா! எங்களை எல்லாம் கொன்னுடுவ!" என்று வில்ஃப் அலறினார்.

"தெரியும். இந்தத் தடவ நான்தான் ஊதினேன். நல்லாத் தெரிஞ்சேதான் ஊதினேன்" என்று எழுந்தார் டெரிக். "கதவைச் சாத்திக்கோ ஹிலரி."

அவர் நடைபாதைக்குப் போனார். கதவுக்கு அப்பால் இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை; ஆகவே எழுதவில்லை. மூன்று சுற்றின் காலடி மட்டும் கேட்டது. பிறகு இரண்டு கைகள் கதவைத் தட்டின.

வில்ஃப் தலையை அண்ணாந்து விட்டத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள வந்து தொலைங்க, ரெண்டு பேரும். நாய் வேண்டாம்."

டெரிக் முதலில் வந்தார். ரூபர்ட்டுக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக் கொடுத்தார். நாற்காலி கொடுக்கவில்லை.