நீலவண்டுக்கு நான் குறித்த நாள்

1944 மாசி, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஸ்கூடாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். ஜப்பான்காரர்கள் ஆட்சியாதலால் இதில் வரும் மணியெல்லாம் டோக்கியோ மணி. சூரியனைப் பார்த்து வாழ்கிறவர்கள் ஒன்றரை மணி கழித்துக்கொள்ளவும். டயர் கிடைக்காததால் சக்கரங்களில் ரப்பர்த் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தேன். கூலாய் ஸ்டேஷன் ஒன்பது மைல்தான். இரண்டு மணி நேரம் பிடித்தது.

போக வேண்டிய இடம் சாஆ. அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த முத்துக்கருப்பன், 'நீலவண்டு' என்ற பெயரில் 'உப்பு மாளிகை' என்னும் மாயக்கதையை வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதிவந்தார். கடலடியில் உப்பால் கட்டிய மாளிகை. உள்ளே இருப்பவரை நினைத்து யார் அழுதாலும் ஒரு சுவர் கரைந்து கடல் புகும். அதற்குள் ஒரு படகோட்டி மாட்டிக்கொள்கிறான். முப்பத்தோராம் அத்தியாயத்தோடு யுத்தம் வந்து பத்திரிகை நின்றுவிட்டது. பிறகு முத்துக்கருப்பனையும் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனார்கள். அங்கே இறந்துபோனார் என்று திரும்பிவந்த இருவர் சொன்னார்கள்.

வாசகர்கள் அவரவரிடம் உள்ள இதழ்களோடு அவருடைய வீட்டில் கூடி, கதையை முதலிலிருந்து படிப்பதென்று ஏற்பாடு. கூட்டத்துக்கு அனுமதி கிடைக்காது, கருமாதிக்குக் கிடைக்கும். அப்படியே நான் மனு எழுதினேன். மனுவில் இறந்த தேதி கேட்டிருந்தது. திரும்பிவந்தவர்களில் ஒருவர் அமாவாசைக்கு முன் என்றார், மற்றவர் பௌர்ணமி கழித்து என்றார். இரண்டுக்கும் நடுநாளைக் கணக்கிட்டு எழுதினேன்.

கூலாயில் சூசை சேர்ந்துகொண்டான். அவனும் ஒரு வாசகன், பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் டின் அடைப்பவன். துணிக்குள்ளிருந்து ஒரு தகரக் கிரீடத்தை எடுத்துக் காட்டினான்.

"கதையில வர்ற உப்பு ராசா நான்தான் லா. ஆறு டின் வெட்டினேன்."

"கருமாதிக்குக் கிரீடமா?"

"அதை உள்ளாற மறைச்சு வச்சுக்குவேன். நீங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கங்க, அது போதும்."

விறகு எரித்து ஓடிய ரயில் பத்தரைக்குக் கிளம்பியது. குளுவாங்கில் ஒரு மரவள்ளி ரொட்டி ஒரு வெள்ளிக்கு விற்றது. பாலோ தாண்டியதும் இருபுறமும் பால் வெட்டப்படாத ரப்பர் மரங்கள், இடுப்பளவு புல். நான்கு மணிக்கு லாபிஸ். அங்கிருந்து எட்டு மைல் மாட்டுவண்டி. வண்டிக்காரர் யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னோம்.

"கிராணி ஐயா வீட்டுக்கா? அந்தம்மா தெனம் ரோட்டுக்கு வந்து நிக்கும்," என்றார். மாட்டைத் தட்டி ஓட்டினார்.

ஞாயிறு, காலை பத்து. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு. முத்துக்கருப்பனின் மனைவி அஞ்சலையம்மாள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலியோடு எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். எங்களையும் சேர்த்து வாசகர்கள் பதினேழு பேர்.

"கத முடிவு எனக்குத் தெரியும். அவரு சொல்லியிருக்காரு," என்றார். "ஆனா சொல்ல மாட்டேன். அவரே வந்து எழுதட்டும்."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் சட்டைப்பையில் அனுமதிச் சீட்டு இருந்தது. அதற்கு மேல் மறைக்க முடியாமல் எடுத்துப் படித்துக் காட்டினேன்.

"செத்த தேதி போட்டிருக்கு. யாரு சொன்னா?"

"ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னாங்க. நடுவுல உள்ள நாள நான் எடுத்தேன்."

"நடுவுலயா," என்றார். அடுப்பில் விறகைத் தள்ளினார். "நீங்க படிங்க. நான் அந்தக் கருமாதிக்கு உக்கார மாட்டேன்."

பதினொன்றரை. ஆறாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. சூசை கிரீடத்தோடு நின்று உப்பு ராசாவின் பேச்சைப் படித்தான், சிலர் சிரித்தார்கள். அப்போது பாதையில் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வருவது தெரிந்தது. சூசை கிரீடத்தைக் கிழங்குச் சட்டிக்கடியில் தள்ளினான். அனுமதி பொய்யென்று தெரிந்தால் பதினேழு பேரும் சயாம் வேலைக்கு லாரியில் ஏற்றப்படுவோம்.

அவர் மலாய்க்காரர். சீட்டைப் பார்த்தார், பத்திரிகைக் கட்டைப் பார்த்தார். "பினி மனா?" என்றார். மனைவி எங்கே என்று கேட்கிறார்.

அஞ்சலையம்மாள் உள்ளிருந்து வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. துடைத்த இடம் மட்டும் சிவந்திருந்தது. கழுத்திலும் ஒன்றுமில்லை. எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். லயத்துப் பெண்கள் வாசல்களில் வந்து நின்று பார்த்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார், பிறகு போய்விட்டார்.

"அம்மா, அவரு போயிட்டாரு. எடுத்துப் போட்டுக்கங்க," என்றான் சூசை.

"ஊரே பாத்துருச்சு தம்பி. இனிமே போட்டா என்னன்னு சொல்லுவாங்க? படிங்க."

படித்தோம். முப்பத்தோராம் அத்தியாயம் முடிய மணி ஆறாயிற்று. யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: "படகோட்டி வீடு வந்து சேர்றான். அவ்வளவுதான். அவன் பொண்டாட்டி அழுவாம இருந்ததால செவரு நின்னுச்சாம்."

திங்கள், காலை ஏழு. வண்டியேறும்போது அஞ்சலையம்மாள் பாதைவரை வந்தார். தினமும் நிற்கும் இடம் அதுதான் போலிருக்கிறது.

"வருசா வருசம் திதி குடுக்கணுமே. எந்த நாளுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. கணக்குப் போட்டது நீங்கதானே."

நோட்டிலிருந்து பாதித் தாளைக் கிழித்து அந்த நடுநாளை எழுதிக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவராதலால், தலைகீழாகப் பிடித்தபடியே நெடுநேரம் பார்த்தார்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஸ்கூடாயில் என் வீடு சேர்ந்தேன். என் மனைவி கதவைத் திறந்து, பயணம் எப்படி என்று கேட்டாள். நோட்டில் மீதமுள்ள பாதித் தாளில் லாபிஸிலிருந்து சாஆ எட்டு மைல் என்று இருக்கிறது. அது சரியான கணக்கு.