துவைக்கிற கல்லருகே முளைத்த புல்

கொழுக்கட்டைப் புல் என்றால் எங்கள் பக்கத்து ஆடுகளுக்கு உயிர். அதன் கதிரில் ஒவ்வொரு விதையையும் சுற்றி மெத்தென்று மயிர் இருக்கும். அதே பேரினத்தில் இன்னொரு வகைக்கு மயிருக்குப் பதில் கொக்கி முள். முற்றிவிட்டால் ஆடு அந்தப் பக்கமே போகாது. ஆப்பிரிக்காவில் மணல் கண்ட இடமெல்லாம் வளரும் அந்த முள் வகை, கொட்டாம்பட்டிப் பக்கத்து மேட்டுக்காடுகளிலும் உண்டு. மதுரைக்கு மேற்கேயும் இருக்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி.

இல்லை என்றார் என் வழிகாட்டி மேடம். இல்லை என்று யாராவது சொன்னாலே எனக்கு ஆகாது. காட்டியே தீருவது என்று வீம்பு பிடித்தேன். சனிக்கிழமை கொட்டாம்பட்டியில் புல் அளப்பேன், ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில் தேடுவேன். இரண்டு வருடம் அலைந்தும் ஒரு தூர்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு, நாகமலை புதுக்கோட்டையில் நான் தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால், துவைக்கிற கல்லருகே நான்கு தூர் நின்றது. லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்தேன். சாட்சாத் அதேதான். அன்றே காளவாசல் போய் நல்ல அட்டை வாங்கிவந்து ஒரு தூரை அழுத்திக் காயவைத்தேன். மேடத்தின் முகம் போகப்போகிற போக்கை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாளியோடு வந்த அறைத்தோழி மிச்சமிருந்த தூர்களைக் குனிந்து பார்த்தாள்.

"ஏய், கொட்டாம்பட்டி போயிட்டு வந்து வாராவாரம் இந்தக் கல்லுலதான உக்காந்து சுடிதார்ல ஒட்டுன முள்ளைப் புடுங்கி எறிவ?"

எனக்குக் கோபம் அவள்மேல்தான் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மேற்கில் முதல் பதிவு என்று நான் எழுதினால் கேட்பார் யாரும் இல்லை. எழுதவும் உட்கார்ந்தேன். விதை எதனால் பரவியது என்று பதிவுத் தாளில் ஒரு கட்டம் உண்டு. கொட்டாம்பட்டித் தாள்களில் அங்கே ஆடு, மாடு என்று எழுதியிருந்தேன். இந்தத் தாளில் பேனா அங்கேயே நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் தாளை மேடத்தின் மேசையில் வைத்தேன். அந்தக் கட்டத்தைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதில் "நான்" என்று எழுதியிருந்தேன்.

"அப்ப மேற்கே இல்லதானே?" என்றார்.

"இன்னும் தேடி முடிக்கல மேடம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டாம்பட்டிக்கே போகாத புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன்.